மூப்பனுக்கு ஒரு மக்னீசிய ஸ்டூல்

கொச்சியில், கொச்சங்காடி அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கும் இசக்கிமுத்துவுக்கு அந்த 1978 சித்திரையில் ஒரே கவலைதான். கிடங்கு ஆட்களின் மூப்பன் பிச்சைமணி தன் மகள் சந்தனமாரியை அவனுக்குக் கொடுப்பாரா, மாட்டாரா? பெண்ணுக்குச் சம்மதம். அவருக்குத்தான் இவனைக் கண்டாலே ஆகாது.

அவரை வழிக்குக் கொண்டுவர ஒரு பரிசு யோசித்தான். தராசுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று கால் வீங்கும் மனிதர். உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்தால் மனம் இளகாதா? ஆனால் போகிற இடமெல்லாம் தூக்கிப் போகும்படி கனமில்லாமல் இருக்க வேண்டும். பழைய இரும்புக்கடை நாணு, உடைத்த விமானத்திலிருந்து வந்ததென்று ஒரு மெல்லிய குழாயைக் கொடுத்தான். மக்னீசியக் கலவையாம். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. அதையே ஒற்றைக் காலாக்கி, மேலே பலகையும் கீழே இரும்புத் தட்டும் வைப்பதென்று இசக்கிமுத்து முடிவு செய்தான்.

கயிறோ கொக்கியோ சங்கிலியோ, கிடங்குக்கு எது புதிதாக வந்தாலும் உத்தரத்தில் மாட்டி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தே எடுக்க வேண்டும். அது மூப்பன் போட்ட சட்டம். குழாயையும் அப்படியே மாட்டினான். இரண்டு மூட்டை தொங்கியும் அது அசைந்து கொடுக்கவில்லை. மூப்பன் எத்தனை பெருத்தாலும் இரண்டு மூட்டை வரமாட்டார் என்று இசக்கிமுத்து நிம்மதியாகப் பலகையை அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் மூப்பன் வீட்டுக்குப் போனது. தன் குழாய்க்கு வந்த மவுசைப் பார்க்க நாணுவும் கூடவே வந்தான். மூப்பன் கையில் சாயா கிளாசுடன் தொம்மென்று உட்கார்ந்தார். ஸ்டூலின் கால் முறியவில்லை. மெதுவாக, மிக மரியாதையாக, ஒரு பக்கமாக வளைந்து அவரைத் தரையில் இறக்கி வைத்தது. சாயா முழுக்க வேட்டியில். கதவுக்குப் பின்னால் சந்தனமாரி சிரித்தாள். இசக்கிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வலிச்சு இழுத்தா நல்லா நிக்கும் மூப்பா. அமுக்குனா அதுல பாதி பாரத்துக்கே வளையும். இந்தச் சாதனத்தோட கொணம் அதாணு," என்றான் நாணு.

"இத முன்னாலேயே சொல்லக் கூடாதாவே?" என்று இசக்கிமுத்து பல்லைக் கடித்தான்.

"நீ கேட்டில்லல்லோ!"

தரையில் இருந்தபடியே மூப்பன் கர்ஜித்தார். "எவம்ல இதச் சோதிச்சுப் பாத்தது?"

"நாந்தான் மாமா. தொங்கவிட்டுப் பாத்தேன்."

"தொங்கவிட்டா? நான் என்னல வௌவாலா?"

அடுக்களையிலிருந்து அவர் மனைவி மாயம்மாள் எட்டிப் பார்த்தாள். "அவன ஏன் ஏசுதீய? எதுனாலும் தொங்கவிட்டுப் பாக்கணும்னு சட்டம் போட்டது யாரு?"

மூப்பன் இப்போது சட்டம் தப்பென்று ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பையன்மேல் தப்பில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எது மலிவு என்று பார்த்துக்கொண்டே வேட்டியைத் தட்டி எழுந்தார்.

"சரில. முகூர்த்தத்தன்னைக்கு எனக்கு ஒரு மரப்பலகை போட்டுரு."

இசக்கிமுத்துவுக்கு அது புரியச் சற்று நேரம் ஆயிற்று. கதவுக்குப் பின்னால் சிரிப்பு உடனே நின்றுவிட்டது.