மூச்சை மிச்சம் பிடித்தவர்

பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கும் பல் மருத்துவர் ஒருவருக்கும், அக்காள் தங்கையைக் கட்டிய வகையில் சகலை உறவு. மூத்தவரான ஓட்டுநர் டீசல் சிக்கனத்தில் பேர்போனவர். இறக்கம் கண்டால் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருள விடுவார். இளையவரோ ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்வாரே தவிர, தம் வாயைத் திறந்ததாகக் கேள்வி இல்லை.

கடலுக்கடியில் மூழ்கப் பழகும் ஆசை மருத்துவருடையது. துணையில்லாமல் மூழ்கக் கூடாது என்பது பயிற்சி நிலையத்தின் சட்டம். தங்கை அக்காளிடம் சொன்னாள். அக்காள் ஓட்டுநரைக் கிளப்பிவிட்டாள்.

பயிற்சியளித்த அம்மையார் முதல் நாளே ஒரு காரியம் செய்தார். நீச்சல்குளத்தின் அடியில், சிலிண்டர் காற்றால் ஒரு பலூனை முட்ட நிரப்பி, வாயை முடிச்சிட்டு, கையை விட்டார். ஏற ஏறப் பருத்த பலூன், நீர்மட்டத்தை எட்டுமுன் வெடித்தது. கரையேறியதும் சொன்னார்: "அதுதான் உங்க நுரையீரல். மெதுவா இழுங்க, அதைவிட மெதுவா விடுங்க. நிறுத்த மட்டும் கூடாது. மேல வர வர உள்ள இருக்குற காத்து விரியும், அடக்குனீங்கன்னா கிழிஞ்சிடும்."

ஓட்டுநர் தலையை ஆட்டினாரே ஒழிய, அவர் கண் சிலிண்டரின் காற்றைக் காட்டும் முள்ளின் மேல் இருந்தது. அதுவும் டீசல் முள்ளும் ஒரு தாய் பிள்ளைகளாக அவருக்குத் தோன்றின. அன்று முதல், பயிற்சி முடிந்ததும் இருவர் முள்ளையும் ஒப்பிடுவது வழக்கமாயிற்று. மருத்துவரிடமே காற்று அதிகம் மீந்தது. வீட்டில் ஓட்டுநரின் மனைவி, இன்றைக்கு யார் ஜெயித்தது என்று தினமும் கேட்பாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள்.

பொறுப்பாரா மனிதர்? யாரிடமும் சொல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு மூச்சை இழுத்து, அடக்கி, அதிலேயே கொஞ்ச தூரம் போவது. என்ஜினை அணைத்து உருள்வதைப் போலத்தான். முள் அவர் பக்கம் சாய்ந்தது. கூடவே தலைவலியும் வந்தது. பழியை வெயிலின் மேல் போட்டார்.

கடலில் இறங்கிய நாளில், அம்மையார் முன்னே வழிகாட்ட, சகலைகள் இருவரும் பின்தொடர்ந்தார்கள். ஓட்டுநர் வழக்கம்போல் மூச்சை மிச்சம் பிடித்தார். சற்று நேரத்தில் மண்டைக்குள் சம்மட்டி விழுந்தது. நெஞ்சு திணறியது. காரணம் தெரியாத ஒரு பயம் அவரைக் கவ்விக்கொள்ள, முழு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, மேலே தெரிந்த வெளிச்சத்தை நோக்கிக் காலை உதைத்தார். பலூன் அவர் நினைவுக்கு வரவில்லை.

யாரோ கணுக்காலைப் பற்றி இழுத்தார்கள். திரும்புமுன் வயிற்றில் ஒரு குத்து விழுந்தது.

குத்தியவர் சகலை. ஓட்டுநர் எதிரில் கால்மேல் கால் போட்டுக்கூட உட்காராத சகலை! கடலே இடிந்து விழுந்திருந்தாலும் ஓட்டுநர் அப்படித் திகைத்திருக்க மாட்டார். அடக்கிய காற்றெல்லாம் பொங்கிக் குமிழியாய்ச் சிதறியது. மருத்துவர் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தம் வாயிலிருந்து எழும் குமிழிகளைச் சுட்டினார். அந்தக் கை மீண்டும் முஷ்டியாகும் என்ற அச்சத்திலேயே ஓட்டுநர் மேலே வரும் வரை ஊதிக்கொண்டே வந்தார்.

படகில் ஏறியதும், "என் மேலயே கை வச்சிட்டேல்ல?" என்றார்.

மருத்துவரின் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன. அம்மையார் ஒரு வெள்ளைத் துண்டை நீட்டி, அதில் இருமச் சொன்னார். விரித்துப் பார்த்தார். மறுபடியும் இருமச் சொன்னார்.

"ரத்தம் இல்லையே?" என்று கேட்டார் மருத்துவர்.

"இல்ல," என்ற அம்மையார் அதன் பிறகே படகின் பலகையில் அமர்ந்தார். "உங்ககிட்டருந்து குமிழியே வரலங்க. நான் பாத்தப்ப எட்டாத தூரத்துல முன்னாடி இருந்தேன். அவரு காலைப் பிடிக்கலன்னா..."

குளத்தில் வெடித்த பலூன் அப்போதுதான் ஓட்டுநரின் காதில் வெடித்தது. துண்டையே வெறித்துக்கொண்டிருந்தார். அருகில் இருவர் முள்ளும் கிடந்தன. அவருடையதில் காற்று மிக அதிகம். அந்த முள்ளைக் கண்ணில் படாதபடி கவிழ்த்துப் போட்டார்.

வீட்டு வாசலில் மனைவி காத்திருந்தாள். "இன்னைக்கு யாரு ஜெயிச்சது?"

"சகலைதான்."

"டாக்டர் எவ்வளவு மிச்சம் வச்சிருந்தாரு?"

ஓட்டுநர் வயிற்றைத் தடவியபடி நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"என்னைய," என்றார்.

சிரிக்கத் தயாராயிருந்த அவள் முகம் அப்படியே நின்றது.