நாகேஸ்வரி வீட்டில் முந்நூறு பேர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கடிதத்தை எழுதாமல் தட்டிக்கழித்ததில் பிறந்த கதை இது.

சிவாஜினி என்னைப்போலவே ஊரைவிட்டுக் கடல்கடந்து வந்து, பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவர். ஊரில் அவருடைய அக்கா நாகேஸ்வரியின் வீடு, போர் முடிந்த நாள்முதல் படைமுகாமுக்குள் இருக்கிறது. அக்கா எதிர்த்தெருவில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு முள்கம்பிக்கு அப்பால் தன் கூரையைப் பார்க்கிறார். எந்தக் காணிகளை விடுவிப்பது என்று முடிவெடுக்க ஒரு குழு கூடப்போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

"நீங்கள் எழுத்தாளர்தானே அண்ணை, வடிவா எழுதுவியள்" என்று மூன்று வாரங்களுக்கு முன் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியையும் வீட்டுப் படங்களையும் என்னிடம் தந்தார். (நான் வசிக்கும் வென்ட்வேர்த்வில்லில் என்னை எழுத்தாளர் என்று சொல்பவர்கள் மொத்தம் இரண்டு பேர். மற்றவர் நான்.)

2

கடிதம் எழுத உட்கார்ந்தேன். கதை வந்தது.

தொடக்கம் ஒன்று: "போர் முடிந்த பதினோராம் நாள், காவற்படையின் பருமனைத் தீர்மானிக்கும் பொறுப்பு கப்டன் ஹார்விக்கிடம்..." எனக்கே கொட்டாவி வந்தது.

தொடக்கம் இரண்டு: "கடல் அன்று..." கடலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

மூன்றாவதுதான் நிலைத்தது. பெயரில்லாத ஒரு குடியேற்றத் தீவு, அதில் ஒரு கோட்டை, வென்ற படை, கையில் பேனையோடு கப்டன். தீவை அடக்கிவைக்க எத்தனை பேர் வேண்டும் என்று மேலிடம் கேட்கிறது. முந்நூறு என்று எழுதினான். [முந்நூறு பேருக்கும் சோறு எங்கிருந்து வரும்? பிறகு யோசிக்கலாம்.]

கப்டன்மேல் எனக்குச் சந்தேகம். மிகவும் கெட்டவனாக இருந்தால் கதை துண்டுப்பிரசுரமாகிவிடும். ஆகவே அவனுக்கு மனச்சாட்சியும் வயிற்றுவலியும் கொடுத்தேன். இரண்டும் சேர்ந்து உறுத்த, முந்நூறை அறுபதாகக் குறைத்தான். மிச்ச இருநூற்று நாற்பது பேருக்கும் உடுப்பை மாற்றிப் பொலிஸ் என்று பெயர் வைத்தான். என் எள்ளலை நானே மெச்சிக்கொண்டு எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டேன்.*

* சிப்பாய்கள் வந்திறங்கி, பூர்வகுடிகளிடமிருந்து பறித்துத் தங்களுடையதாக்கிக்கொண்ட இந்த நாட்டு நிலத்தில்தான் என் வாடகை வீடும் இருக்கிறது. இதைப்பற்றி ஓர் அடிக்குறிப்பு எழுதி மூன்று முறை அழித்தேன். இது நான்காவது.

3

வியாழன் பின்னேரம் ஸ்டேஷனடிச் சாப்பாட்டுக்கடையில் சிவாஜினியைச் சந்தித்தேன். கடிதம் எங்கே என்று கேட்டார். கதையை நீட்டினேன். [இந்தச் செயலை வேறொரு பாத்திரத்தின் தலையில் கட்டிவிடப் பார்த்தேன். முடியவில்லை.]

தட்டில் ரோல்ஸ் ஆறும்வரை வாசித்தார். நான்காம் பக்கத்தில் நின்றார்.

"அண்ணை, இந்தக் கோட்டை எங்க இருக்கு?"

"அது கற்பனை, சிவாஜினி."

"மூண்டு படி வைச்ச கிணத்தடி. சிவப்புச் சீமெந்து நிலம். குசினிக்குப் பின்னால ரெண்டு முருங்கை. கப்டன் படுக்கிற அறையில மேற்கால ஒரு யன்னல்." தாளை மேசையில் வைத்தார். "இது அக்கான்ர வீடு."

உண்மைதான். கோட்டைக்கு ஓரிடம் தேவைப்பட்டது. படங்கள் மேசையில் கிடந்தன. கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

"அறுபதாக் குறைச்சிட்டன்தானே" என்றேன்.

"ஓம், பாத்தனான். அறுபது பேரும் அங்கதானே படுக்கினம். பொலிஸும் அங்கதானே சமைக்குது." அவர் குரலை உயர்த்தவில்லை. "முதல்ல உங்கட கதையில இருக்கிற ஆக்களை அங்கயிருந்து எழுப்புங்கோ அண்ணை. பிறகு மற்றவையிட்டக் கேப்பம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை அழகாகச் சொல்ல ஒரு வாக்கியம் தேடினேன், அதற்கும் வெட்கப்பட்டேன்.

4

அங்கேயே, அவருடைய லப்டொப்பில், இருபது நிமிடத்தில் கடிதத்தை எழுதினேன். ஒரே பக்கம். உவமை இல்லை. கடைசி வரியை அவர் சொல்ல நான் தட்டினேன்: "என் அக்காவுக்கு அறுபத்தொரு வயது. அவர் தன் வீட்டுக்குள் போக வேண்டும்."

அனுப்பிவிட்டு, "போட்டு வாறன்" என்று ரயிலுக்கு எழுந்து போனார். மூன்று வாரங்கள் எனக்கு என்ன வேலை இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

5

இனிக் கதையின் முடிவு.

முதல் முடிவில் கப்டனையும் ஆட்களையும் கப்பலேற்றினேன். கதையில் கப்பலே இல்லை, தொடக்கம் இரண்டில் இருந்த கடலோடு அதையும் தூக்கி எறிந்துவிட்டேன்.

இரண்டாவதில் பக்கத்து வீட்டு வளவுக்கு அனுப்பினேன். அந்த வளவுக்கும் ஓர் உறுதி இருக்கும், அதன் சொந்தக்காரர் எங்கேயோ ஒரு வாடகை அறையில்...

ஆக, என்னால் முடிந்தது இவ்வளவுதான். கதைக்குள் இருக்கும் வீட்டைக் காலிசெய்து, நிலத்தைக் கழுவி, மேற்கு யன்னலைத் திறந்துவிட்டேன். ஊரில் இருக்கும் வீட்டைப் பற்றிக் குழுவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

கப்டனும் முந்நூறு பேரும் மூட்டைமுடிச்சோடு தெருவில் நிற்கிறார்கள். தீவில் எத்தனை பேரை வைத்திருக்கலாம் என்பதை நீங்களே நிரப்புங்கள்: [      ].

எழுதிவிட்டீர்களா? சரி. உங்கள் வீட்டில் எத்தனை அறை?