துடைப்பக் குச்சி அளவு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பூந்தமல்லியில் செருப்புக் கடை உஸ்மான் கனி என்றால் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு கார்த்திகை மாதம், சேக்காட்டிலிருந்து வரலட்சுமி என்ற பெண் வந்தாள். அவள் புருஷன் வரதன் ஆவடி முகாமில் ஒரு துரைக்குச் சமையல்காரன். துரையை ராவல்பிண்டிக்கு அப்பால் பனி மலைக்கு மாற்றிவிட்டார்களாம்; இரண்டு நாளில் வரதனும் கூடவே ரயிலேற வேண்டும். பட்டாளத்து ஆள் இல்லை என்பதால் அவனுக்கு பூட்ஸ் கிடையாது. கடைக்கு வரவும் அவனுக்கு நேரமில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் வழக்கமாகச் செய்வதுபோல, அவன் பாதத்தின் நீளத்துக்கு ஒரு துடைப்பக் குச்சியை ஒடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

உள்ளே ஆட்டு உரோமம் வைத்துத் தைத்த பூட்ஸ் இரண்டு ஜோடி என்னிடம் மிஞ்சியிருந்தன. ஒன்று குச்சிக்குக் கச்சிதம். இன்னொன்று முக்கால் அங்குலம் பெரியது. பெரியதை எடுத்து வைத்து, இதுதான் சரிப்படும் என்றேன்.

"குச்சிக்கு மேல இவ்ளோ நீளம் கீது. போணியாவாத சரக்க என் தலையில கட்டப் பாக்குறியா பாய்?"

போணியாகாத சரக்கு என்பது உண்மை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. பெஷாவரில் இரண்டு குளிர்காலம் இதே மாதிரி பூட்ஸ் தைத்தவன் நான். உள்ளே கம்பளிக் காலுறை போட வேண்டும், விரல்கள் அசைய இடம் வேண்டும், பனியில் இறுக்கிப் பிடித்தால் ரத்தம் ஓடாமல் விரல் செத்துப்போகும், எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று கறுவிக்கொண்டே கச்சிதமான ஜோடியைக் கட்டிக் கொடுத்தேன். அவள் சந்தோஷமாகப் போனாள்.

அன்று சாயங்காலமே மனசு குத்தியது. வண்டி பிடித்தால் சேக்காடு ஒரு மணி நேரம். காலையில் போய்ச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். காலையில் கடைக்கு ஆள் வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் ரயில் போய்விட்டது.

மாசி கடைசியில் அவள் மறுபடி வந்தாள். இந்த முறை கையில் இரண்டு குச்சிகள். ஒன்று பழைய நீளம். மற்றது இரண்டு அங்குலம் குட்டை. இரண்டையும் என் கையில் கொடுத்தாள். பனியில் செத்துப்போன வரதனின் இடது கால் விரல் ஐந்தையும் வெட்டி எடுத்துவிட்டார்கள், துரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்று அழாமல் சொன்னாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நீ அன்னிக்கே பெருசா எடுக்கச் சொன்ன. நான்தான் கேக்கல. இந்த தபா நீயே பாத்துக் குடு பாய்."

தலையை ஆட்டிவிட்டுத் தோலை எடுத்திருக்கலாம். முடியவில்லை.

"வெரலு செத்துடும்னு எனக்கு அப்பவே தெரியும்மா. கோவத்துல சொல்லாம உட்டுட்டேன்."

அவள் இரண்டு குச்சிகளையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்த அளவுகள் கண்ணிலேயே நின்றன. அதன்படி ஒரு ஜோடி செருப்பு தைத்து வைத்தேன். பூந்தமல்லியில் அப்போது வேறு செருப்புக் கடை கிடையாது. இருந்தும் அவள் வரவில்லை.