மோரில் கலந்தது

என் மருமகள் பாண்டிச்செல்வி காலையில் எனக்குக் கொடுக்கும் மோரில் எதையோ கலக்கிறாள் என்று ஒரு மாதமாகச் சந்தேகம். ஆளைப் பார்த்தால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றிருப்பாள். என்னிடமா நடக்கும்?

மோரைக் குடித்துவிட்டுத்தான் எம். புதுப்பட்டிக்குப் பஸ் ஏறுவேன். பட்டாசு ஆலையில் பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. ரப்பர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காகிதக் குழாய்களில் கெமிக்கல் அடைக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றுமில்லை. நிறைந்த தட்டை எடுத்துவைக்க எழுந்தால் போச்சு, கண் இருட்டிக்கொண்டு வரும். சுவரைப் பிடித்து நாலு மூச்சு விட்டால்தான் கால் தரையில் நிற்கும். அந்த அறையில் தட்டோடு விழுந்தால் அங்கே இருக்கும் நாலு பேருக்கும் கதை முடிந்தது. போர்மேன் நல்லசிவத்துக்குத் தெரிந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் மருமகள் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும். அதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

போதாக்குறைக்குப் பத்து நாளாக, கூட வேலை பார்க்கும் பஞ்சம்மாளை என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். தட்டு நிறைந்ததும், "இங்கன குடுங்கக்கா" என்று பிடுங்கிக்கொள்வாள். வேவு பார்க்கத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

மூன்று நாள் மோரைச் செல்விக்குத் தெரியாமல் கொல்லையில் ஊற்றிப் பார்த்தேன். மூன்று நாளும் கிறுகிறுப்பு பாதியாகக் குறைந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நாலாம் நாள் பல் விளக்கப் போகிறவள் போலக் கொல்லைக்குப் போய், அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரண்டிக் காம்பால் எதையோ நுணுக்கி டம்ளரில் போட்டாள்.

"ஏட்டி! என்னத்தக் கலக்குத? என்னையக் கொல்லப் பாக்கியா?"

டம்ளர் கவிழ்ந்தது. அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"அய்யோ அத்தை, பிரஷர் மாத்திரை! நீங்க வேண்டாம்னு வீசுனீகள்ல? அதத்தான் பொறுக்கி வச்சேன். எங்கம்மாவும் இப்படித்தான் மாத்திரையே வேண்டாம்னாக. கை கால் விழுந்து ரெண்டு வருசம் கெடந்துல்ல போனாக. இன்னொரு தடவ அதப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

அவள் சொன்னது உண்மைதான். வீடு வீடாக வரும் நர்ஸ் ஐஸ்வர்யா பிரஷர் பார்த்து, தினம் ஒன்று போடச் சொல்லி இரண்டு மாதத்துக்குக் கொடுத்த மாத்திரை அது. செல்வியின் அண்ணன் எங்கள் ஆலையில் வேலை பார்ப்பவன். விஷயம் அவன் காதுக்குப் போய்விடக் கூடாதென்று, "எனக்கு ஒரு கேடும் இல்ல" என்று அட்டைகளைச் செல்வி கண்முன்னாலேயே முற்றத்தில் வீசினேன். மறுநாளே திருத்தங்கலில் ஒரு டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கி, அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்துத் தினமும் போட்டுவந்தேன்.

டிரம்முக்குள் கைவிட்டு என் அட்டையை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

"நீங்க தனியா வேற போடுதீகளா!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு அட்டையையும் ஐஸ்வர்யாவிடம் கொண்டுபோனோம். "பேருதான் வேற, உள்ள இருக்கது ஒண்ணுதான்" என்றாள். படுக்கவைத்துப் பார்த்தாள், நிற்கவைத்துப் பார்த்தாள். நின்றதும் பிரஷர் சரசரவென்று இறங்கியது. "ரெண்டு பங்கு உள்ள போனா, எந்திரிக்கையில தல சுத்தாம என்ன செய்யும்?" என்று எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டி, டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஒன்றை மட்டும் போடச் சொன்னார். தலைசுற்று நிற்கும்வரை கெமிக்கல் அறைப் பக்கமே போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் நல்லசிவம் முன்னால் போய் நின்றேன். ஊர் சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லித் தொலைக்கலாம்.

"அண்ணாச்சி, எனக்குப் பிரஷர். எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இப்பத்தான் சொல்லுதீகளா? உங்க மருமக பத்து நாளைக்கு முந்தியே வந்து சொல்லிருச்சு. 'அத்தை எந்திரிச்சா தடுமாறுதாக, தட்டுத் தூக்க விடாதீக. ஆனா வேலைய விட்டு நிறுத்திராதீக, அதுதான் அவுகளுக்கு உசுரு'ன்னு ஒரே அழுகை. அதான் பஞ்சம்மாள உங்க பக்கத்துல போட்டேன். அன்னைக்கே உங்கள மாத்தியிருக்கணும், எந் தப்புத்தான். இன்னைக்கிருந்து காகிதக் குழாய் சுத்துற ஷெட்டுக்குப் போங்க. டாக்டர் சரின்னு எழுதிக் குடுக்கட்டும், உங்க எடம் எங்கயும் போகாது."

இதையும் என்னிடம் மறைத்திருக்கிறாள், பாருங்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செல்வி மோர் நீட்டினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தேகப்படுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, அவளே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு மறுபடி நீட்டினாள்.

பெற்ற மகன் வாய் வைத்த டம்ளரைக்கூட நான் தொடமாட்டேன். அவள் கையிலிருந்து வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

"உப்பு பத்தலட்டி" என்றேன்.