பேரிக்காய் மரத்தடிக் குரல்

ஏழு ரோடு முக்கில் சாக்லேட் கடைக்காரர் ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். டிசம்பர் பிறந்துவிட்டால் கொடைக்கானலில் அந்தக் கிறிஸ்மஸ் பாட்டிலிருந்து யாரும் தப்ப முடியாது. தேவசேனா காய்கறிப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு வேகமாகத்தான் நடந்தாள். ஆனால் இரண்டாவது சரணம் முடிந்து, 'வாசல்ல நிக்கிறது யாரு?' என்ற கேள்வி வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்குப் பிறகு தாளம் அடங்கி ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்துக்குள் எங்கிருந்தோ ஒரு பெண்குரல் பதில் சொல்லும். 'நாந்தான், நாந்தான், வெளிச்சம் போடுங்க.'

கடை வாசலில் சிவப்புக் குல்லாய் போட்ட பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. தேவசேனா மட்டும் அந்தக் குரல் வந்த தூரத்தை அளந்துகொண்டு நின்றாள். போன வருஷம் வந்த பாட்டில் அந்தக் குரல் அவள் வீட்டுத் தெருவின் பால் பூத் பக்கம் நின்று பாடியது. இந்த வருஷம் வீட்டு கேட்டை ஒட்டி நிற்கிறது. சந்தேகமே இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் பேசினால் எப்படிக் கேட்கும் என்பது பிறந்ததிலிருந்து அதே வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாதா?

அந்தப் பாட்டைச் செய்தது பஜாரில் கேசட் கடை வைத்திருந்த கிபாயத்துல்லா. பாடியது தேவசேனாவும் அவளுடைய அக்கா தமயந்தியும். பழனியில் விபூதிக் கடை வைத்திருந்து பிறகு மலையேறி வந்தவர் அவர்களுடைய அப்பா. அந்தக் குழுவில் கிறிஸ்தவர் என்று சொல்ல, கிடார் வாசித்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் பாட்டை எடுத்த அன்று காய்ச்சல். ஆனாலும் கிறிஸ்மஸ் பாட்டு என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது. முதலில் மதுரை இன்னிசைக் குழு ஒன்று தவிலும் டிரம்பெட்டும் சேர்த்து அதைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனது. பிறகு சென்னையில் ஒரு பெண் டி.வி.யில் கண்ணீர் மல்கப் பாடினாள். கனடாவில் ஒரு பையன் மிஷின் தாளம் போட்டு இரண்டு மடங்கு வேகத்தில் விட்டான். இப்போது ரீல்ஸ். யார் எப்படிப் பாடினாலும் அந்தப் பதில் வரியை மட்டும் பழைய கேசட்டிலிருந்தே வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். அதைப்போலப் பாட வரவில்லை என்று பேட்டிகளில் பெருமையாக வேறு சொன்னார்கள்.

ஒரே கேசட்டிலிருந்து வெட்டிய குரல் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. முதல் கேசட்டில் அது தெருவளைவில், பேரிக்காய் மரத்தடியில் இருந்தது. அங்கேதான் தமயந்தியை நிறுத்தினார்கள். மதுரைக்காரர்களின் பாட்டில் அது வளைவைத் தாண்டியிருந்தது. கனடாப் பையனின் பாட்டில் பால் பூத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இதைக் கோயம்புத்தூரிலிருக்கும் மகன் குகனிடம் சொன்னபோது அவன் பாட்டைப் பற்றி ஒன்றும் பேசாமல் காது டாக்டரைப் பற்றிப் பேசினான். அதன் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் வீடு இருக்கும் நாயுடுபுரத்தில் கிறிஸ்மஸ் கேரல் பாடிக்கொண்டு வருகிறவர்கள் நேரே வீட்டுக்குள் நுழைவதில்லை. பனிமூட்டத்தில் ஆளும் தெரியாது, நாயும் தெரியாது. கேட்டுக்கு வெளியே நின்று பாடுவார்கள். உள்ளேயிருந்து யாராவது, 'வாசல்ல நிக்கிறது யாரு?' என்று ராகமாகக் கேட்க வேண்டும். 'நாங்கதான், வெளிச்சம் போடுங்க' என்று இவர்கள் பதில் சொல்ல வேண்டும். வாசல் லைட் எரிந்தால் உள்ளே போகலாம். எரியாவிட்டால் அது துக்க வீடு. சத்தமில்லாமல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட வேண்டும். லைட் எரியாத வீட்டு கேட்டைத் தொடக்கூடாது என்பது அந்தத் தெருவில் சாதி மதம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊட்டப்பட்டது. கிபாயத்துல்லா அந்த வழக்கத்தைத்தான் பாட்டாக்கினார்.

அவரிடம் இருந்தது ஒரே மைக். "தூரத்துக் கொரலு வேணும்னா தூரத்துலதாம்மா நிக்கணும்" என்று தமயந்தியை மரத்தடிக்கு அனுப்பினார். முன்னறையில் மூன்று ஜன்னல்களையும் கம்பளி போட்டு மூடி, தெருவைப் பார்த்த ஜன்னலில் மட்டும் ஒரு சாண் திறந்து அங்கே மைக்கை வைத்தார். டியூப் லைட் இரைச்சல் டேப்பில் ஏறும் என்று அதை அணைத்து அரிக்கேன் விளக்கு ஏற்றினார். டேப்ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது. எத்தனை தடவை எடுக்க வேண்டியிருக்குமோ தெரியாது. அதனால் சரியாக வந்ததும் வாசல் லைட்டைப் போடுவது, அதைப் பார்த்தபிறகுதான் தமயந்தி திரும்பி வருவது என்று பேச்சு. வழக்கம் தெரிந்த பெண், அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. கிபாயத்துல்லா அறைக்குள்ளிருந்த வாசல் லைட் ஸ்விட்சைத் தட்டிவிட்டு டேப்பைத் திருப்பிப் போட்டார். சந்தோஷத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அக்கா இதோ வருகிறாள், பின்வாசல் வழியாக அடுக்களைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் போய்ப் பார்த்தபோது மரத்தடியில் மூட்டம்தான் நின்றது.

பள்ளத்தில் தேடினார்கள். ஜீப் பிடித்துத் தாண்டிக்குடி வரை போனார்கள். அப்பா தேடிக் களைத்துத் திரும்பியபோது வாசல் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "வெளிச்சம் போட்டுருக்குல்ல? பாத்துட்டும் வரலன்னா, போறதுன்னு போயிருக்கா" என்றார். சுடச்சுட பல்பைக் கழற்றி ஓடைப்பக்கம் எறிந்தார். யாரோ ஜீப் டிரைவரோடு ஓடிவிட்டாள் என்று ஊர் பேசியது. அன்றிலிருந்து எந்த டிசம்பரிலும் அந்த வீட்டு வாசலில் விளக்கு எரிந்ததில்லை. கேரல்காரர்கள் கேட்டருகே வந்ததும் பாட்டை நிறுத்திக்கொண்டு கடந்துபோவார்கள். அப்பாவும் போய், அம்மாவும் போய், தேவசேனா மட்டும் அக்காவின் மேல் அப்பா விட்டுப்போன கோபத்தைச் சொத்துபோல வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

இப்போது அந்த வீடும் போகப்போகிறது. பொங்கல் கழிந்ததும் ரிசார்ட் கட்டுகிறவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு குகனோடு போய்விட வேண்டும். இடிப்பதற்கு முன்பாக ஒரே ஒரு தடவை அங்கே வைத்து அவள் குரலில் பாட்டை எடுக்க வேண்டுமென்று கிபாயத்துல்லாவின் மகன் ஷமீர் கேட்டிருந்தான். கிபாயத்துல்லா இறந்தபிறகு கடையை செல்போன் கடையாக மாற்றி, பின்னறையில் ரெக்கார்டிங் செய்கிறவன். தேவசேனாவை அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

அவள் பஜாரிலிருந்து திரும்பி வந்தபோது அவன் தெருவில் நின்று கேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அந்த கேட் ஒரு பக்கம் இறங்கிப்போனது. யார் வந்து தள்ளினாலும் தரையில் உரசி நின்றுவிடும். தாழை நீக்கி, முழங்காலால் கொஞ்சம் தூக்கிக்கொடுத்தால்தான் திறக்கும். அது வீட்டாட்களுக்கு மட்டுமே கைவந்த வித்தை.

"இத மாத்தக்கூடாதா அத்தை?"

"இடிக்கப்போற வீட்டுக்கு கேட்டு ஒண்ணுதான் கொறச்சல்" என்றபடி அவள் முழங்காலைக் கொடுத்தாள்.

முன்னறையில் அவன் லேப்டாப்பைத் திறந்தான். "வாப்பாவோட ஒரிஜினல் டேப்பு கெடச்சிருக்கு அத்தை. கேசட்டுல வந்தது வெட்டினது. இது முழுசு. கேட்டீங்கன்னா அப்படியே அந்த ரூமுல இருக்கமாதிரி இருக்கும்."

முதலில் பாட்டு வரவில்லை. தொலைவில் ஒரு இரைச்சல். கீழ்த்தெரு மாவு மில். அப்புறம் கிபாயத்துல்லாவின் கனைப்பு. பிறகு அவளுடைய சொந்தக் குரல், யாருடையதோபோல. முதல் சரணம். இரண்டாவது சரணம். பாதியில் மில் இரைச்சல் இழுத்து, முனகி, அடங்கியது.

"பாருங்க, மில்லு நின்னுபோச்சு. நாய்ஸே இல்ல. அதான் அந்தப் பதில் லைன் அவ்ளோ கிளியரா விழுந்துருக்கு. லக்குதான்" என்றான் ஷமீர்.

"மில்லு ஏன்ப்பா நிக்குது?"

"கரண்டு போயிருக்கும்."

கேள்வி வந்தது. மௌனம் வந்தது. மரத்தடியிலிருந்து அக்கா பதில் சொன்னாள். கடைசி வரி முடிந்து யாரோ கைதட்டினார்கள். அதற்குப் பிறகு மைக்கின் அருகே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"இது என்ன சத்தம்?" என்றாள் தேவசேனா. அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"ஸ்விட்ச் சத்தம் மாதிரி இருக்கு."

"அப்புறமா மில்லு ஓடுதா?"

அவன் டேப் முடிகிறவரை ஓட்டினான். சிரிப்பும் பேச்சும்தான் கேட்டன. மில் ஓடவில்லை.

தேவசேனா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பளி போட்ட அறை, அரிக்கேன் வெளிச்சம், பேட்டரியில் ஓடும் டேப். உள்ளே இருந்தவர்களுக்குக் கரண்ட் போனதே தெரிந்திருக்காது. அப்பா திரும்பி வருவதற்குள் கரண்ட் வந்திருக்கும், விளக்கு எரிந்திருக்கும். நடுவில் மரத்தடியில் நின்றவள் இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். வெளிச்சம் வரவில்லை. பிறகு என்ன ஆனது, எங்கே தடம் மாறினாள், யாருக்குத் தெரியும். பாவி மகள் ஓடிப்போகவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு நின்றிருக்கிறாள். நாம்தான் துக்க வீடென்று ஒவ்வொரு டிசம்பரும் விளக்கை அணைத்து வைத்து, வராதே வராதே என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். தேவசேனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதோடு பயமும் வந்தது. கேட்டருகே நிற்பது அக்காதான் என்றால், இத்தனை வருஷம் மூட்டத்தில் நின்றது எந்தக் கோலத்தில் வந்து நிற்கும்?

அவள் எழுந்து பூஜை அறை பல்பைக் கழற்றினாள்.

"ஸ்டூலைப் பிடிச்சுக்க தம்பி."

"குடுங்க அத்தை, நான் போடுறேன்."

"வேண்டாம். இது வீட்டாளு போடணும்."

வாசல் லைட் ஹோல்டருக்குள் சிலந்திக் கூடு இருந்தது. முந்தானையால் துடைத்துப் பல்பைத் திருகினாள். மூன்று மணிதான் ஆகியிருக்கும். அதற்குள் மூட்டம் ஏறி கேட்டின் கம்பிகள் கோடுகளாகத்தான் தெரிந்தன. பேரிக்காய் மரம் இருந்த இடமே தெரியவில்லை.

உள்ளே வந்து ஜன்னலை ஒரு சாண் திறக்கச் சொன்னாள். மைக்கை அங்கே வைக்கச் சொன்னாள். ஷமீருக்குக் குழப்பம். "பதில் லைனைப் பழைய டேப்புல இருந்து நான் அப்புறமா சேத்துக்கிறேன் அத்தை. நீங்க கேப் மட்டும் விடுங்க" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

அவள் பாடினாள். குரல் கரகரத்தது. மூச்சு போதவில்லை. இரண்டாவது சரணத்தில் ஒரு சொல் மறந்து, வெறும் ராகத்தை இழுத்துச் சமாளித்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக் கேட்டாள்.

'வாசல்ல நிக்கிறது யாரு?'

அறையில் ஒரு சத்தமும் இல்லை. லேப்டாப்பில் மைக்கில் விழும் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு மட்டும் மெல்ல ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஷமீர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அத்தை, இதுல நான் எதையும் ஒட்டலை."

தேவசேனா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். சுவரருகே போய் ஸ்விட்சைத் தட்டினாள். 'டக்'. இந்தத் தடவை அந்தச் சத்தத்தை மட்டும் நம்பாமல் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். லோ வோல்டேஜில் பல்பு முதலில் சிவந்து துடித்தது. அணைந்துவிடாதே என்று அவள் வாய்விட்டே சொன்னாள். பிறகு அது மஞ்சளாகத் தெளிந்து, மூட்டத்துக்குள் கேட் வரைக்கும் வெளிச்சம் போனது.

அவளுக்குப் பின்னால் ஷமீர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழ்த்தெருவில் எங்கோ ஒரு நாய் குரைத்து நிறுத்தியது. வெளிச்சத்தில் மூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. வேறு ஒன்றும் நகரவில்லை.

"யாருமில்ல அத்தை. உள்ள வாங்க."

கேட்டின் தாழ் நீங்கியது. கேட் கொஞ்சம் திறந்து, தரையில் உரசி நின்றது. அப்புறம், யாரோ முழங்காலைக் கொடுத்ததுபோல, அது மெல்ல மேலே தூக்கிக்கொண்டது.