பன்னிரண்டிலிருந்து நான்கு வரை

எங்கள் தீவின் ஹேடோ ஜெட்டியில் சென்னைக் கப்பலுக்கான வரிசை கூரையின் நிழலைத் தாண்டி வெயிலுக்கு வந்துவிட்டது. தங்கை ஷெர்லின் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய பெட்டிகளை நான் காலால் தள்ளிக்கொண்டிருந்தேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு இளைப்பு. எங்கள் ஊர் வண்டூரின் கடற்காற்றிலேயே மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது.

"அங்க போயி எப்படிச் சமாளிப்ப?" என்றேன்.

"அதெல்லாம் பாத்தாச்சுண்ணே." போனை நீட்டினாள். சென்னை வரைபடத்தில் சிவப்பும் மஞ்சளுமான புள்ளிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பச்சை. "போன வருசக் கணக்கு. ரோட்டோரத்துலயே காத்து ஏக்தம் சாஃப், தூசியே இல்ல. அந்த சிக்னல் பக்கத்துலதான் இவ அப்பாவ வீடு பாக்கச் சொன்னேன். பாத்துட்டாவ. நைட்டு ஜன்னலத் தொறந்து போட்டே தூங்கலாம்."

அந்தப் புள்ளியை எனக்குத் தெரியும். போன வருடம் அங்கேதான் எனக்கு இரவு வேலை. பேருந்து நிழற்குடையின் கூரைமேல் இரைச்சலோடு காற்றை இழுக்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதில் வெள்ளைத் தாள் வைத்து எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். தூசி படிந்த தாளை உறையில் போட்டு, ஓடிய நேரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகுதான் லாரிகளை ஊருக்குள் விடுவார்கள். மஞ்சள் விளக்கில் புழுதி கீழே விழாமல் மிதக்கும். லாரிகள் ஒவ்வொன்றாக அதற்குள் கரைந்து போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் கடலுக்கு அடியில் நிற்பதுபோல இருக்கும்.

நிழற்குடையில் பிள்ளைகளோடு படுக்கும் பூக்காரி வசந்தகுமாரி ஒருநாள் என் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "லாரியாச்சும் கத்திட்டுப் பூடுது. உன் டப்பா போவவே மாட்டேங்குதே. நிறுத்தேன்பா, புள்ளைங்க தூங்கட்டும்."

நிறுத்தினேன். அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை. எழுதும்போது எட்டு மணி நேரம் என்றே எழுதினேன். ஒரே போர்வைக்குள் நான்கு பேர் மூச்சுவிடுவது அலைபோல ஏறி இறங்கும். நல்ல காரியம் செய்வதாக நினைப்பு. தாள் வெளுப்பாகவே இருந்தது. ஏன் என்று கம்பெனியில் யாரும் கேட்கவில்லை. பிறகு வேலை சலித்துப்போய் விட்டுவிட்டு வந்தேன்.

வரிசை நகர்ந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அந்தப் பச்சை பொய்டி. லாரி வர்ற நேரம் பூரா நான் மெஷின நிறுத்திப் போடுவேன்."

அவள் சிரித்தாள். "டியூட்டில தூங்கிட்டியாக்கும்? ஒனக்கு அது பழக்கந்தான."

"தூங்கல. தூங்க வச்சேன்."

வசந்தகுமாரியைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அப்ப நெசமா எவ்வளவு இருக்கும்?"

"தெரியாது. யாரும் அளக்கல."

பின்னால் நின்ற பெங்காலிக்காரர், "ஆகே படோ, பஹன்" என்று கையால் முன்னே காட்டினார். ஷெர்லின் நகரவில்லை. மகளின் முதுகில் காதை வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள். ஆட்கள் எங்கள் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள். கப்பலின் புகைபோக்கியிலிருந்து எழுந்த புகை, காற்றில்லாமல், தண்ணீரின்மேல் மெல்லப் படுத்துக்கொண்டது.