துறைக்கு வெளியே

1994 பிப்ரவரி 9, புதன்கிழமை. பல்கேரியாவில், கருங்கடல் ஓரத்துப் பர்காஸ் நகரில் பியானோ ஆசிரியர் ஸ்பிரிடோனை அடக்கம் செய்யும் நாள்.

அவருடைய தங்கை பெனா, சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடிவிட்டு, மிச்சமிருந்த விரிப்பைப் பியானோ மீது போட்டாள்.

"அது கண்ணாடியா அத்தை?" என்றாள் ஸ்பிரிடோனின் மகள் ராலிட்சா.

"முகம் தெரியுதில்ல? அப்ப கண்ணாடிதான்."

கூடத்தின் நடுவில் அப்பா திறந்த பெட்டியில் கிடந்தார். வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. அம்மா எவ்தோகியா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அந்த விரிப்பை உருவி மடித்தாள்.

"ராலி, அவரோட கடலை வாசி."

கடலைப் பற்றி அப்பா எழுதிய பியானோ உருப்படி அது. 'துறைக்கு வெளியே' என்று பெயர் வைத்திருந்தார். இடக்கை அடியலையாகப் புரள, வலக்கை அதன்மேல் நுரையாகச் சிதறும். நடுவில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தாண்டித் தாண்டிப் போகும்போது நான்கு கைகள் வாசிப்பதாகக் கேட்கும். ராலிட்சாவும் இசைப்பள்ளியில் பியானோதான் சொல்லிக்கொடுத்தாள். ஆனாலும் அதை ஒருநாளும் முழுதாக வாசித்ததில்லை. அவளை விட்டால் வாசிக்க வேறு ஆளும் இல்லை.

"அண்ணி, துக்க வீட்டுல நாப்பது நாளைக்கு வாத்தியத்தத் தொடக் கூடாது," என்றாள் பெனா.

"அவரு இன்னும் வீட்டுலதானே இருக்காரு. போனப்புறம் எண்ண ஆரம்பிச்சுக்கோ."

"எனக்கு வராதும்மா. பாதியில நின்னா அசிங்கம்."

"அவரும் நின்னிருக்காரு. என்னைத் திட்டிட்டு மறுபடி ஆரம்பிப்பாரு."

ராலிட்சா உட்கார்ந்தாள். அம்மா இடப்பக்கம் வந்து நின்றாள். அம்மாவுக்கு ஒரு சுரம்கூடப் படிக்கத் தெரியாது. ஆனால் அப்பாவின் கச்சேரிகளில் எல்லாம் பக்கத்தில் நின்று சுரத்தாள் திருப்பியது அவள்தான். அவர் தலையசைத்துச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

முதல் பக்கத்தை ராலிட்சா பத்திரமாக வாசித்தாள். கடைசி வரிக்கு வருவதற்குள் அம்மாவின் கை தாளைத் திருப்பிவிட்டது. விட்டுப்போன வரியை நினைவிலிருந்து பிடித்தாள். அடுத்த பக்கமும் அப்படியே.

"அம்மா, முந்திப் போற."

"நீதான் பின்னாடி வர்ற."

அந்தக் கை அப்பாவின் வேகத்தில் திருப்பிக்கொண்டிருந்தது. ராலிட்சா தாளைப் பார்ப்பதை விட்டாள். தாள் புரளும் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டதைத் துரத்தினாள். நான்கு கைகள் கேட்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் கேட்டன. சுரங்கள் நிறையத் தவறின. அலை நிற்கவில்லை.

பெட்டி தூக்குகிறவர்கள் வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் பெனா, தணிந்த குரலில். "இன்னும் கரைக்கு வரல."

கடைசி மூன்று பக்கங்களில் அம்மா முந்தவில்லை.

வண்டி தாமதமாகக் கிளம்பியது.